கெடா சொல்லட்டும்

ஏரியூர்ப் பக்கத்து விவசாயி மாதுவுக்கு வாயில் வராத ஒரே வார்த்தை 'முடியாது'. கெட்ட வார்த்தைகள்கூட, தகுந்த காரணம் கிடைத்தால், சரளமாக வரும். இது மட்டும் வராது. தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் விற்க டை கட்டிக்கொண்டு ஒரு பையன் வந்தான். அவன் வெயிலில் நின்ற கோலத்தைப் பார்த்து மாது ஒன்றை வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டான். குழாயில் தண்ணீர் வருவதே வாரத்துக்கு ஒரு நாள். மற்ற நாளெல்லாம் அந்த மெஷின் பச்சை விளக்கை எரியவிட்டுக்கொண்டு சுவரில் சும்மா இருக்கிறது.

ஆகவே, மகள் கோகிலவாணி செல்போனை நீட்டி, "ப்பா, சேலத்துல சீட்டு கெடச்சிருச்சு. கவர்மெண்ட் காலேஜி. ஜியாலஜி. ஆஸ்டல்ல தங்கிப் படிக்கணும்" என்றபோது, அவன் "சரி கண்ணு" என்றான். சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனான். மாட்டுக்கு ஏற்கெனவே தண்ணி காட்டியாகிவிட்டது. அது அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தது.

ஊரில் அவன் பெயர் ஒரே நாளில் உயர்ந்துவிட்டது. பொம்பளைப் பிள்ளையை வெளியூர் அனுப்பிப் படிக்கவைக்கும் அப்பன், அதுவும் கேட்டவுடனே சரி என்ற அப்பன். டீக்கடையில் ஒருவர் பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தார். மாது உட்கார்ந்து, டீ குடித்து, புகழ்ச்சியைக் காலில் குத்திய முள்ளைப்போல வீட்டுக்குச் சுமந்து வந்தான். ஏனென்றால் அவள் போவதில் அவனுக்குக் கொஞ்சமும் இஷ்டமில்லை.

படிப்பின் மேல் கோபம் கிடையாது. அந்தப் படிப்பு எங்கே முளைத்தது என்று அவனுக்கே தெரியும். அவள் ஒன்பதாவது படிக்கையில் கொல்லையில் தண்ணீருக்குப் போர் போட்டார்கள். துளையிலிருந்து வரும் தூளை, ஆழம் கூடக்கூட, லாரிக்காரர்கள் சின்னச்சின்னக் குவியலாக வரிசையில் வைத்துக்கொண்டே வந்தார்கள். செம்மண், சாம்பல், கறுப்பு, நடுவில் ரோஜாப்பூ நிறத்தில் ஒன்று. தண்ணீர் மட்டும் வரவில்லை. மாது தலையில் கை வைத்துக்கொண்டான். அவன் மனைவி சுகுணா லாரிக்காரனைப் பிடித்துக்கொண்டாள். மகள் மட்டும் குவியலுக்குக் குவியல் குந்தி உட்கார்ந்து விரலால் தொட்டுக்கொண்டிருந்தாள். "ப்பா, நம்ம நெலத்துக்கு அடியில இவ்ளோ கலரு கீதா?" அன்று அந்த வீட்டில் சந்தோஷமாக இருந்த ஒரே ஜீவன் அவள்தான்.

பயமெல்லாம் வேறு. மூத்தவன் ரஞ்சித்குமார் ஓசூருக்குக் கம்பெனி வேலைக்குப் போனான். நல்ல பையன். போனவன் முதல் பொங்கலுக்கு வந்தபோது, பையை வைத்துவிட்டு, பிறந்து வளர்ந்த வீட்டில் நின்றுகொண்டு, "நான் எங்க படுக்கட்டும்?" என்று கேட்டான். மரியாதையாகத்தான் கேட்டான். மாதுவுக்கு அந்த மரியாதைதான் தாங்கவில்லை. இவளும் போய்விட்டு வந்து அப்படி ஒரு நாள் கேட்பாள். அது மட்டுமில்லை. அந்த வீட்டில் மாது சொல்லும் ஜோக்குக்குச் சிரிக்கிற ஒரே ஆள் கோகிலாதான். சுகுணா கல்யாணமான புதிதில் சிரித்துப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

இதையெல்லாம் மகளிடம் எப்படிச் சொல்வது? 'என் ஜோக்குக்குச் சிரிக்க ஆள் வேண்டும், நீ போகாதே' என்று எந்த அப்பனால் சொல்ல முடியும்?

இதற்கிடையில் அண்ணன் வீரமணி வந்து சேர்ந்தார். வீரமணி ஒரு காலத்தில் வார்டு மெம்பர். இப்போது 'கிராமப்புற மாணவர் எழுச்சிப் பேரவை'யின் நிறுவனர், தலைவர், செயலாளர். உறுப்பினர் மட்டும் வேறு யாராவது. வருஷத்துக்கு ஒருமுறை பள்ளிக்கூட மைதானத்தில் லட்சியத் திருவிழா நடத்துவார். குழந்தைகளுக்கு வெள்ளைக் கோட்டு, போலீஸ் தொப்பி எல்லாம் வாடகைக்கு எடுத்து மாட்டி, மேடையில் ஏற்றி, 'நான் யார்? எதிர்காலக் கலெக்டர்' என்று கத்தவைப்பார். ஒன்றாவது படிக்கும் பிள்ளைகள் வெயில் தாங்காமல் மயங்கி விழும்போது, அங்கே ஏழெட்டு டாக்டர்கள் இருந்தும் முதலுதவி செய்ய ஒருவருக்கும் தெரியாது.

இந்த வருஷத் திருவிழாவில் சென்னையிலிருந்து ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளரைக் கூட்டி வந்திருந்தார். அவர் கோகிலாவை எழுப்பி, என்ன ஆகப் போகிறாய் என்று கேட்டார்.

"பாறையப் பத்திப் படிக்கப் போறங்க."

"இன்னும் பெருசா யோசிம்மா."

"பாறைய வுடப் பெருசா இன்னாங்க இருக்குது?"

மைதானம் சிரித்தது. வீரமணி சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவருக்குத் தம்பி மகள் ஒரு கொள்கைப் பிரச்சினை ஆகிவிட்டாள். "மாது, நம்ம வம்சத்துல ஒரு கலெக்டரு வர்ற நேரம்டா. கல்லு ஒடைக்கறதுக்கு எதுக்குடா காலேஜி? ஒரு வருசம் சென்னையில கோச்சிங் போடு" என்றார். மாது அதற்கும் "சரிண்ணா" என்றான்.

ஆக, மகளிடம் ஒரு சரி, அண்ணனிடம் ஒரு சரி, உள்ளே ஒரு முடியாது. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு இரண்டு நாள் தூங்காமல் புரண்டவனுக்குத்தான் முனியப்பன் ஞாபகம் வந்தார்.

அவர்கள் பங்காளிக் கூட்டத்தில் யாராவது ஊரைவிட்டு நெடுநாள் போவதென்றால் முனியப்பன் கோயிலில் கெடா கேட்பார்கள். கெடாவுக்கு மாலை போட்டு, முதுகில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, "இன்னார் போறாங்க, உனக்குச் சம்மதமா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். கெடா உடம்பைச் சிலிர்த்துத் துலுக்கினால் சாமி சம்மதித்துவிட்டது. அப்புறம் வெட்டி, சமைத்து, எல்லோரும் சாப்பிட்டுவிட்டு வழியனுப்பலாம். துலுக்காவிட்டால் போகக் கூடாது. பட்டாளத்துக்குப் போனவனுக்குக் கேட்டிருக்கிறார்கள், போர்வெல் லாரியில் வடக்கே வேலைக்குப் போனவனுக்குக் கேட்டிருக்கிறார்கள். பெண்களுக்குக் கல்யாணத்துக்கு மட்டும்தான் கேட்டது. படிப்புக்கு இதுவரை கேட்டதில்லை. படிக்க ஒருத்தியும் இதுவரை போனதில்லை, அதனால்.

"பையனுக்குக் கேட்டம். பொண்ணுக்கும் கேக்கணுமில்ல? முனியப்பன் நாளைக்கி ஓரவஞ்சனைன்னு சொல்லக் கூடாது" என்றான் மாது, முகத்தை வெகு நியாயமாக வைத்துக்கொண்டு.

சுகுணா அவனை ஒரு பார்வை பார்த்தாள். ஆனால் நியாயமாகத்தான் இருந்தது. கோகிலா தோளைக் குலுக்கினாள். "கெடாகிட்ட கேக்கணுமா? சரி, கேளு. அதுவாச்சும் கலெக்டராவுன்னு சொல்லாது."

தன்னால் சொல்ல முடியாததைக் கெடா சொல்லட்டும் என்பதுதான் மாதுவின் ஏற்பாடு. முதுகில் மட்டும் ஊற்றினால் கெடா சாதாரணமாகத் துலுக்காது. காதில் பட்டால்தான் துலுக்கும். காதில் படாமல் ஊற்றுவது அவன் கையில் இருக்கிறது. இவ்வளவு யோசித்தவன், கெடா துலுக்காவிட்டால் அங்கே அடுத்து என்ன நடக்கும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயிலில் பங்காளிகள் கூடினார்கள். மறுநாள் சேலத்தில் சேர வேண்டும். பூசாரி தமிழ்மணி மற்ற நாட்களில் ஜே.சி.பி. ஓட்டுகிறவர்; சாமி வேலையையும் அதே வேகத்தில் முடித்துவிடுவார். கற்பூரம் காட்டினார், மாலையைப் போட்டார், சொம்பை மாதுவிடம் கொடுத்தார்.

"அப்பன்தான் கேக்கணும். கேளு மாது."

வாயைத் திறப்பதற்குள் வீரமணி முன்னால் வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, கஞ்சி போட்டு, தனியாகவே நிற்கும்போல் இருந்தது. "இருடா. சாமிகிட்டக் கேக்கறதுக்கு ஒரு மொறை இருக்குது" என்று தொண்டையைச் செருமினார். "எங்கள் குலம் காக்கும் முனியப்பா! பின்தங்கிய இம்மண்ணிலிருந்து எழுந்து வரும் ஒரு இளந்தளிர், வருங்கால மாவட்ட ஆட்சியர் என்னும் உயரிய இலக்கை நோக்கி, தற்காலிகமாக, பாறைகள் குறித்த பட்டப்படிப்பினை மேற்கொள்ள..."

மாது தண்ணீரை ஊற்றினான். முதுகின் நடுவில், காதுக்கு ஒரு சாண் தள்ளி.

கெடா அசையவில்லை. மனுநீதி நாளில் மனு வாங்குகிற அதிகாரியைப்போல, எல்லாம் காதில் விழுந்தது, ஆனால் ஒன்றும் செய்வதற்கில்லை என்ற முகத்தோடு நின்றது.

மறுபடி ஊற்றினான். ஒன்றுமில்லை. கூட்டம் முணுமுணுத்தது. மாது மகள் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமலே அவள் நிற்கும் இடம் முதுகில் சுட்டது. நினைத்தது நடந்துவிட்டது, இனி தலையைத் தொங்கப்போட்டு, 'முனியப்பன் சித்தம்' என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

பூசாரி போகவிடவில்லை. "சாமி கோவிச்சுக்கல. கூட்டத்துல யாருக்கோ மனத்தாங்கல் இருக்குது. உள்ள ஒண்ண வெச்சிக்கிட்டு வெளிய ஒண்ணு பேசறவங்க நின்னா கெடா துலுக்காது. இருந்தா இப்பவே சொல்லிருங்க. சொல்லித் தீத்துட்டு மறுபடி கேப்பம்."

வழக்கம் அதுதான். சின்ன வயதிலிருந்து பார்த்த வழக்கம். மாது மறந்தே போயிருந்தான்.

நல்ல வேளையாக, மனத்தாங்கலுக்கு அந்தக் கூட்டத்தில் பஞ்சமில்லை. சித்தப்பா மகன் மாதவராஜ் முதலில் வந்தான். "ரஞ்சித்து காதுகுத்துப் பத்திரிகையில எம் பேருக்குப் பின்னால பி.ஏ. போடல. எல்லாரும் கேட்டாங்க. இன்னமும் மனசுல கீது."

"நீ பி.ஏ. முடிச்சியாடா?" என்றாள் சுகுணா.

"ரெண்டு பேப்பரு பாக்கி அண்ணி. அது வேற விசயம்."

மாது மன்னிப்புக் கேட்டான். தண்ணீர் ஊற்றினான். கெடாவுக்குப் பட்டங்களில் அக்கறை இல்லை.

அடுத்து மாதவராஜ் மனைவி கனிமொழி. "எங்கூட்டு ஆட்டுக்குட்டி அவங்க கள்ளக்காய்ச் செடியில மேஞ்சதுக்கு சுகுணாக்கா ரெண்டு மாசம் எங்கூடப் பேசல."

"மூணு மாசம்" என்று சுகுணா திருத்தினாள். பிறகு இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் அழுதார்கள். தண்ணீர். ஒன்றுமில்லை.

வீரமணி, "எனக்கு யார் மீதும் மனத்தாங்கல் கிடையாது" என்று தொடங்கி, தனக்கு மனத்தாங்கல் இல்லாத விஷயங்களை ஆண்டு வாரியாகச் சொல்லி முடித்தார். அதற்குள் கெடாவின் முதுகு காய்ந்துவிட்டது.

"இன்னும் இருக்குது" என்றார் பூசாரி. "வெளியில இல்ல. இந்த வூட்டுக்குள்ளதான்." அவர் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. ஆனாலும் எல்லோரும் சுகுணாவைப் பார்த்தார்கள். தாய் மனசுதான் தடுக்கும் என்று ஒரு கிழவர் விளக்கமும் சொன்னார்.

"ஏம் கண்ணு சுகுணா, புள்ளய அனுப்ப இஷ்டமில்லன்னா சொல்லிரும்மா. தப்பில்ல" என்றார் அவரே.

சுகுணாவின் முகம் சிவந்தது. "நானா? என்னப் பத்தாவதோட நிறுத்துன நாள்லருந்து எரியுது எனக்கு. எம் பொண்ணு போவ வேணான்னு நான் சொல்லுவனா?" குரல் உடைந்தது. "வேணும்னா கெடாவுக்குப் பதிலா என் தலையில ஊத்துங்க, துலுக்கிக் காட்டறன்."

யாரும் சிரிக்கவில்லை. நம்பவும் இல்லை. ஒருத்தி பக்கத்தில் இருப்பவளிடம் ஏதோ கிசுகிசுத்தாள். மாது மனைவியின் முகத்தைப் பார்த்தான். செய்யாத குற்றத்துக்கு அவள் அங்கே நின்றுகொண்டிருந்தாள், அத்தனை பேர் முன்னால், அவனால்.

"அவ இல்ல" என்றான் மாது. "நாந்தான்."

முதலில் ஒருவருக்கும் புரியவில்லை. அவன் சொம்பைக் கீழே வைத்தான்.

"எனக்குத்தான் இஷ்டமில்ல. பொண்ணு கேட்டப்ப சரின்னுட்டன். எனக்கு அது ஒண்ணுதான் சொல்லத் தெரியும். கெடா துலுக்கலன்னா நின்னுருவா, நான் சொன்னதா ஆவாதுன்னு..." அவன் மண்ணைப் பார்த்துப் பேசினான். "படிக்கட்டும். படிக்க வேணான்னு இல்ல. பையன் போனான். வரும்போது நம்மூட்டுக்கே ஒரம்பரையா, விருந்தாளியாட்டம் வந்தான். இவளும் அப்பிடி வந்துட்டா நான் யார்கிட்டப் பேசுவன்? சாயந்தரமா வூட்டுக்குள்ள நொழைஞ்சா புள்ள 'இன்னா மாது சார், இன்னிக்கி லேட்டு'ங்கும். நாளைக்கி அது இருக்காது. அவ்ளோதான். வேற ஒண்ணுமில்ல."

சுகுணா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். "இத வூட்டுல சொல்றதுக்கு ஒரு கெடா கேக்குதா உங்களுக்கு?"

பூசாரி சொம்பை எடுத்துக் கொடுத்தார். "இதுதான். இப்ப ஊத்து."

மாது இந்த முறை நேர்மையாகவே ஊற்றினான், காது மூக்கு பார்க்காமல். கெடா தண்ணீர் வழிய நின்று, அவனை நிதானமாக ஒருமுறை பார்த்து, மாலையிலிருந்து ஒரு பூவைக் கடித்து மென்றது.

பூசாரிக்கே ஒன்றும் ஓடவில்லை.

"இன்னும் ஒருத்தர் கீறாங்க" என்று ஒரு குரல் வந்தது. கோகிலா.

"போறவங்களக் கேக்கற வழக்கமில்லியே" என்றார் விளக்கம் சொன்ன கிழவர்.

"சொல்லட்டும் வுடுங்க. எனக்கும் மத்தியானம் வேல கெடக்குது" என்றார் பூசாரி.

அவள் முன்னால் வந்தாள். மைதானத்தில் பாறையைப் பற்றித் துணிந்து பேசிய பெண்ணாக இல்லை. துப்பட்டா நுனியைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தாள். "காலையிலருந்து நானும் மனசுக்குள்ள துலுக்காத, துலுக்காதன்னுதான் சொல்லிக்கினு இருந்தன். பயமா கீது. அங்க யாரையும் தெரியாது. பாடமெல்லாம் இங்கிலீசுல எடுப்பாங்களாம். எல்லாரும் கலெக்டராவு, பெருசாவுங்கறாங்க. பயமா கீதான்னு ஒருத்தரும் கேக்கல. கெடா துலுக்கலன்னா நான் பயந்துக்கினேன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, கெடா சொல்லிருச்சும்பாங்க, அதான்."

மாது நிமிர்ந்தான். கண்ணும் மூக்கும் சுகுணாவைப்போல என்று இத்தனை நாள் நினைத்திருந்தான். உள்ளே முழுக்க அவனே இருந்தான்.

"அப்ப போவலியா கண்ணு?"

"போவணும்ப்பா."

"பயமா கீதுன்னு சொன்ன."

"பயமாவும் கீது, போவவும் வேணும். ரெண்டும் இருக்கக் கூடாதா?"

அவனுக்குள்ளும் இரண்டு இருந்தன. ஒன்றைத் துரத்தினால்தான் இன்னொன்று இருக்க முடியும் என்று யாரோ சொல்லிக் கொடுத்ததுபோல இத்தனை நாள் அல்லாடியிருந்தான்.

"இருக்கலாம்" என்றான். "போ. நாளைக்கிக் காத்தால மொத பஸ்ஸு. கெடா துலுக்கினாலும் சரி, துலுக்கலன்னாலும் சரி. நான் சொல்றன், போ."

இப்படி ஒரு வாக்கியம் அவன் வாயிலிருந்து வந்து பங்காளிகள் கேட்டதில்லை. எல்லோரும் அவனையும் மகளையுமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் வீரமணி, "ஐயையே" என்று துள்ளிப் பின்னால் நகர்ந்தார். அவருடைய கஞ்சிச் சட்டை முழுக்க, காலர் முதல் பாக்கெட் வரை, மஞ்சள் புள்ளிகள்.

துலுக்கியதை ஒருவரும் பார்க்கவில்லை. பார்க்காத துலுக்கு செல்லுமா என்று கிழவர் கேட்டார். பூசாரி வீரமணியைப் பிடித்து நிறுத்தி, சட்டையை இரு கையாலும் விரித்து, கூட்டத்துக்குக் காட்டினார். "சாட்சி இங்க நிக்குது. இதுக்கு மேல இன்னா வேணும்?" வாழ்க்கையில் முதல்முறையாக வீரமணி ஒரு நிகழ்ச்சியின் மையத்தில், பேசாமல் நின்றார்.

மத்தியானம் சோற்றுப் பந்தி நடந்தது. மாது புளியமரத்தடியில் மகளுக்குப் பக்கத்தில் இலை போட்டு உட்கார்ந்தான். இரண்டு வாய் சாப்பிட்டபின், வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேட்டான்.

"வாராவாரம் வந்துருவியா?"

"வாராவாரமா? படிக்கறது எப்ப?"

"மாசத்துக்கு ஒரு தடவ?"

"பரீச்ச வந்தா முடியாதுப்பா." சர்வ சாதாரணமாக அந்த வார்த்தையைச் சொன்னாள். ஒரு எலும்பை எடுத்து அவன் இலையில் வைத்தாள். "ஏன், நான்தான் வரணுமா? சேலத்துக்கு உன்ன பஸ்ஸுல ஏத்த மாட்டன்னு எவனாவது சொன்னானா?"

மாது எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்தான். பையன் போன இத்தனை வருஷத்தில், அவன் வருவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு தடவை ஓசூருக்குப் போய்ப் பார்க்கலாம் என்று தோன்றியதே இல்லை.

"ஆஸ்டலுக்குள்ள ஆம்பளைங்கள வுடுவாங்களா?"

"கேட்டு வரைக்கும் வுடுவாங்க."

"கேட்டு போதும்" என்றான் மாது.